துணிக்குக் கஞ்சி போட்டு வெட்டுவதும் தைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் நான் நடத்தும் தையல் வகுப்பில் ரவிக்கை, சுடிதார் கற்றுக்கொண்டபின், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வெட்டும்போது சதுரமாக இருந்த துண்டு தைத்ததும் கோணிக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் குறை. அதில் பெரும்பங்கு கஞ்சியில் தீர்ந்துவிடும். அரிசி விளையும் ஊரில் இருந்துகொண்டு அதற்கென்று காசு செலவழிக்க வேண்டியதே இல்லை. கஞ்சி பற்றி வகுப்பிலும் வெளியிலும் என்னிடம் கேட்பவற்றையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வேட்டிக்கும் சேலைக்கும் கஞ்சி போடுவோம். வெட்டப்போகிற துணிக்கு எதற்கு?

ஒரு பருத்தித் துணியை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. அகலவாக்கில் கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் நன்றாக நீளும். இதைத்தான் தையல்காரர்கள் கிராஸ் என்கிறார்கள். பைப்பிங் வைக்கக் கிராஸ் பீஸ் வெட்டும்போது அந்த நெகிழ்வு நமக்கு வேண்டும். ஒட்டுத்துணி வேலையில் அதுவே தொல்லை. முக்கோணத் துண்டு வெட்டினால் ஒரு பக்கமாவது கிராஸாகத்தான் அமையும். மிஷின் பாதத்துக்கு அடியில் போகும்போது அந்தப் பக்கம் நீள்கிறது, இஸ்திரிப் பெட்டி ஏறும்போது இன்னும் நீள்கிறது. ஒரு துண்டுக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, பிசகினால், எட்டுத் துண்டு சேர்ந்த வரிசையில் ஒரு அங்குலம் போய்விடும். பக்கத்து வரிசையோடு எப்படிச் சேரும்?

கஞ்சி, நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் அகலவாக்கில் ஓடும் ஊடை நூலும் குறுக்கிடும் இடங்களில் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. இழைகள் நகராது. துணி காகிதம் மாதிரி நிற்கும். கோடு போட்டால் கோடு நேராக விழும், கத்தரி வழுக்காது, வெட்டிய ஓரத்தில் நூல் பிரிவதும் குறையும். ஒட்டுத்துணி வேலையில் தையலுக்கு நாம் விடும் விளிம்பு கால் அங்குலம், அதாவது இரண்டே நூல். அதில் பாதி பிரிந்து போனால் தையலே நிற்காது. மடித்து இஸ்திரி போட்ட மடிப்பு அப்படியே இருப்பதும் கஞ்சியால்தான்.

கடையில் வாங்கும் புதுத்துணியே விறைப்பாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்த விறைப்பு நெசவுக்காகவோ, விற்பனைக்கு முன் மெருகுக்காகவோ போட்டது. தறியில் பாவு நூல் உராய்ந்து அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுவார்கள். நெசவாளர் தெருக்களில் விடிகாலையில் பாவை நீளமாகக் கட்டிக் கஞ்சி தடவி, பிரஷ்ஷால் வாரிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிப்பது வழக்கம். மில்லில் அதையே இயந்திரம் செய்கிறது. நெசவுக் கஞ்சி ஏறியிருப்பது பாவு நூலில்தான், ஊடையில் இல்லை. முதல் சலவையில் அதுவும் போய்விடும்.

அதோடு புதுப் பருத்தித் துணி முதல்முறை நனைந்ததும் சுருங்கும், சாயமும் கொஞ்சம் விடும். நனைக்காமல் வெட்டித் தைத்த போர்வையைப் பிறகு துவைத்தால் ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் சுருங்கி இழுக்கும். ரவிக்கை லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுகிறோம் அல்லவா? அதே நியாயம்தான். புதுத்துணியை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு அலசுங்கள், சிவப்பும் கருநீலமும் இருந்தால் தனித்தனியாக. சாயம் விடுவது நின்ற பிறகு உங்கள் கஞ்சியைப் போடுங்கள்.

எந்தக் கஞ்சி நல்லது?

என் முதல் தேர்வு அரிசி. பழக்கத்துக்காகச் சொல்லவில்லை. அரிசியின் மாவுச்சத்துத் துகள் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் 3 முதல் 8 பங்கு அளவுதான் இருக்கும். சோளமாவின் துகள் அதைவிடப் பெரியது, உருளைக்கிழங்கின் துகள் பலமடங்கு பெரியது. துகள் சிறிதாக இருப்பதால் கஞ்சி இழைக்குள் சீராக இறங்கி, மேலே மொடமொடவென்று படலம் கட்டாமல் மழமழப்பாக நிற்கும்.

பச்சரிசிக் கஞ்சி வெண்மையாக இருக்கும். புழுங்கலரிசிக் கஞ்சியில் லேசான பழுப்பு உண்டு. வண்ணத் துணிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, வெள்ளைத் துணி அதிகம் வரும் வேலை என்றால் பச்சரிசியே எடுங்கள். இன்னொன்றும் பாருங்கள்: சம்பா அறுவடை முடிந்து தையில் வரும் புது அரிசியை வடித்தால் கஞ்சி கொழகொழவென்று இருக்கும், பழைய அரிசியில் நீர்த்திருக்கும். ஆகவே வடிகஞ்சிக்கு நிரந்தர அளவு சொல்ல முடியாது. கரண்டியில் எடுத்து ஊற்றிப் பாருங்கள். நீர்மோர் பதத்தில் விழ வேண்டும். அதைவிடக் கெட்டியாக இருந்தால் வெந்நீர் சேர்த்து நீர்க்கவிடுங்கள். சாதத்தில் உப்புப் போட்டு வடிப்பவர்கள் அந்தக் கஞ்சியைத் துணிக்கு எடுக்கக் கூடாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், துணி பிசுபிசுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறவர்கள் குடிதண்ணீரிலேயே கஞ்சி காய்ச்சிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. கண்ணாடி போலத் தெளிந்த கஞ்சி வருவதால் அடர்ந்த நிறங்களுக்கு இதுதான் ஏற்றது. கார்ன்ஃப்ளவரும் ஆரோரூட் மாவும் பரவாயில்லை. மைதா வேண்டாம். மைதாவில் மாவுச்சத்தோடு பசையான புரதமும் இருக்கிறது. சுவரொட்டி ஒட்ட அது நல்லது, துணியில் போட்டால் திட்டுத்திட்டாக நின்று நிறத்தை மங்கவைக்கும்.

எங்கள் வீட்டில் குக்கர் சாதம்தான். வடிகஞ்சிக்கு எங்கே போவது?

அரிசி மாவு போதும். ஒரு மேசைக்கரண்டி மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். வேறு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். தீயைக் குறைத்துக் கரைசலை ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்லக் கலங்கல் மாறிப் பளபளப்பாகும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டும். அதுதான் பதம். இறக்கி ஆறவிட்டு, பழைய வேட்டித் துண்டில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்ட ஒரு சிறு கட்டி துணியில் காய்ந்தால் கறை மாதிரித் தெரியும்.

காய்ச்சாமல் வெறுமனே கரைத்துத் தெளிக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. அரிசியின் மாவுச்சத்து ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் தண்ணீர் குடித்து உப்பிக் கூழாகும். அதற்குமுன் அது வெறும் பொடி. துணியில் பொடியாகவே தங்கி, காய்ந்ததும் உதிரும்.

எவ்வளவு கெட்டியாகப் போட வேண்டும்?

சதுரமும் நீள்சதுரமும் மட்டும் வெட்டுவதானால் மேலே சொன்ன பதம், அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. முக்கோணம், வைரம், வளைவு வெட்டுவதானால் அதே தண்ணீருக்கு இரண்டு கரண்டி. வாயில், மல்மல் போன்ற மெல்லிய துணிக்கும் இந்த இரண்டு கரண்டிக் கணக்கே சரி. கையில் நிற்காமல் நழுவும் துணிக்குத்தான் விறைப்பு அதிகம் தேவை. கனமான காடாத்துணிக்கு ஒரு லிட்டருக்கு ஒரு கரண்டியே போதும். கெட்டியாக ஒருமுறை போடுவதைவிட நீர்க்க இருமுறை போடுவது மேல்.

போடும் முறையைச் சொல்லுங்கள்.

நிறையத் துணி இருந்தால் முக்கி எடுப்பதே எளிது. துணி ஈரமாக இருக்கும்போதே கஞ்சியில் முக்குங்கள்; உலர்ந்த துணி முதலில் படும் இடத்திலேயே கஞ்சியை அதிகம் குடித்துவிடும். நன்றாகப் பிசைந்து, முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிழியுங்கள். முறுக்கினால் இழை கோணிவிடும், கோணியபடியே கஞ்சி காய்ந்தும் விடும். கொடியில் போடும்போது கரையோரம் கொடிக்கு இணையாக இருக்கட்டும். கிளிப்பை ஒரு மூலையில் மட்டும் மாட்டித் தொங்கவிட்டால் அந்த மூலை நீண்டு போகும்.

முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில் மெல்லிய துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். முழுக்கக் காய்ந்து விறைத்ததை இஸ்திரி போட்டால் சுருக்கம் போகாது. அப்படிக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, ஒரு துண்டில் பொதிந்து அரைமணி நேரம் வையுங்கள். ஈரம் எல்லா இடமும் சமமாகப் பரவியபின் இஸ்திரி போடுங்கள். பெட்டியை நீளவாக்கு இழையோடு ஓட்டுங்கள், மூலைவாட்டில் தள்ளாதீர்கள்.

ஒன்றிரண்டு துண்டுத் துணிக்கு ஸ்ப்ரே பாட்டில் போதும். இரண்டு பக்கமும் தெளித்து, கையால் தடவி, கஞ்சி உள்ளே இறங்கச் சில நிமிடம் விட்டுப் பிறகு பெட்டி வையுங்கள்.

வெட்டிய துண்டுகளுக்குப் பிறகு போடலாமா?

வேண்டாம். ஈரம் பட்டதும் ஒவ்வொரு துண்டும் ஒரு விதமாகச் சுருங்கும், இஸ்திரியில் ஒரு விதமாக நீளும். முழுத்துணியில் போட்டு, பிறகு வெட்டுங்கள்.

கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு வருகிறதே?

கஞ்சி வேகாமல் இருந்திருக்கும், அல்லது கெட்டியாக இருந்திருக்கும், அல்லது உள்ளே இறங்குவதற்கு முன் பெட்டி வைத்திருப்பீர்கள். ஈரத்துணியால் துடைத்து, பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். போகாவிட்டால் அலசிவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சி போடுங்கள். அடர்ந்த நிறங்களுக்கு எப்போதுமே பின்பக்க இஸ்திரிதான்.

இஸ்திரிப் பெட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொள்கிறது. துணியும் மஞ்சளாகிறது.

சூடு அதிகம். கஞ்சி என்பது மாவு, அதிகச் சூட்டில் தீயத்தான் செய்யும். பருத்திக்கு வைக்கும் உச்சச் சூட்டிலிருந்து ஒரு படி குறையுங்கள், ஒரே இடத்தில் பெட்டியை நிறுத்தாதீர்கள். ஒட்டியதை எடுக்க, பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இளஞ்சூடாக இருக்கும்போது ஈரத்துணியில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்துத் துடையுங்கள். கத்தியால் சுரண்டினால் கீறல் விழும், பிறகு அந்தக் கீறல் துணியை இழுக்கும்.

மிஷின் ஊசிக்குக் கெடுதலா?

ஊசி சீக்கிரம் மழுங்கலாம். கஞ்சித் துணி தைத்து முடித்ததும் ஊசித் தட்டைக் கழற்றி, அடியில் சேரும் வெள்ளைத் தூளைப் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

கடையில் விற்கும் கஞ்சிப் பவுடர், ஸ்ப்ரே எல்லாம் நல்லதா?

வேலை செய்யும். கரைத்தால் போதும் என்று விற்கும் பவுடர்கள் முன்பே வேகவைத்துக் காயவைத்த மாவு, அதனால்தான் காய்ச்சத் தேவையில்லை. அவசரத்துக்கு ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஒரு முழுப் போர்வைக்குத் தேவையான துணிக்கெல்லாம் ஸ்ப்ரே வாங்கினால் செலவு ஏறும். வாசனை சேர்த்த ஸ்ப்ரே சிலருக்குத் தும்மலைக் கொண்டுவரும். இரண்டுக்கும் வீட்டுக் கஞ்சியே விடை.

பட்டு, பாலியெஸ்டர், கலம்காரித் துணிகளுக்கு?

பருத்தி இழையும் மாவுச்சத்தும் குளுகோஸ் அலகுகள் கோத்த சங்கிலிகள்தான், ஆகவே ஒன்றையொன்று நன்றாகப் பற்றும். பாலியெஸ்டரில் அந்தப் பிடிப்பு இல்லை, கஞ்சி மேலாக நின்று உதிர்ந்துவிடும். பருத்தி கலந்த துணியில் ஓரளவு நிற்கும்.

திருபுவனம் பட்டு ரவிக்கைத் துண்டுகளைச் சேர்த்துத் தலையணை உறை தைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பட்டுக்கு வீட்டுக் கஞ்சி வேண்டாம். தண்ணீர் பட்ட இடம் வட்டமாகத் தெரியும், ஜரிகையும் கறுக்கலாம். பட்டுக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்து, காகிதத்தோடு சேர்த்து வெட்டுங்கள், காகிதத்தோடு சேர்த்துத் தையுங்கள், பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி நம் பக்கத்துக் கலை. கையால் எழுதிய, இயற்கைச் சாயம் ஏற்றிய துணி அது. அதை வெட்டித் துண்டாக்கவே எனக்கு மனம் வராது. சிறு துண்டு கையில் இருந்தால் கஞ்சியில் முக்காமல், அப்படியே நடுவில் வைத்துச் சுற்றிலும் கஞ்சி போட்ட துணியை இணையுங்கள்.

தேர்ச்சீலை, தொம்பை மாதிரி உருவம் வெட்டி ஒட்டித் தைக்க ஆசை. கஞ்சி அதற்கும் உதவுமா?

இதற்குத்தான் மிக அதிகமாக உதவும். திருவாரூர் ஆழித்தேரில் தொங்கும் தொம்பைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளில் யாளியும் அன்னமும் தாமரையும் வெட்டி, அடித்துணிமேல் வைத்துத் தைத்தவை. தூரத்திலிருந்து பார்ப்பதற்கான வேலை என்பதால் உருவங்கள் பெரியவை. வீட்டில் விரிப்புக்குத் தாமரை வைக்கும்போது இதழ் இரண்டு அங்குலம்தான் இருக்கும், அதன் விளிம்பை உள்ளே மடிப்பது பெரும்பாடு.

இப்படிச் செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இதழை வெட்டிக்கொள்ளுங்கள். துணியை அதைவிட இரண்டு நூல் பெரிதாக வெட்டி, பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, நடுவில் அட்டையை வையுங்கள். கெட்டியான கஞ்சியைச் சின்னப் பிரஷ்ஷில் தொட்டு, வெளியே நீளும் விளிம்பில் மட்டும் தடவுங்கள். வளைவில் சிறுசிறு வெட்டுக் கொடுத்து, விளிம்பை அட்டைமேல் மடித்து, பெட்டியின் நுனியால் அழுத்துங்கள். ஈரம் ஆவியாகும் சத்தம் அடங்கும் வரை பிடியுங்கள். இதழின் கூர்முனையில் முதலில் நுனியை நேராக மடித்து, பிறகு இரு பக்கங்களையும் மடிக்க வேண்டும். ஆறியதும் அட்டையை உருவினால் இதழ் மடித்தது மடித்தபடி நிற்கும். நூலோட்டிப் பிடிக்கும் வேலையே மிச்சம்.

அடித்துணிக்கும் பஞ்சுக்கும் போடணுமா?

அடித்துணிக்குப் போடுங்கள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது அடியில் சுருக்கம் விழுவது கண்ணுக்குத் தெரியாது, விறைப்பாக இருந்தால் விழாது. பழைய வேட்டியை அடித்துணியாக வைப்பவர்களுக்கு இது கட்டாயம். பஞ்சுக்கு வேண்டாம்.

கஞ்சி போட்ட துணியை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

டெல்டாவில் இருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். கஞ்சி மனிதர்களுக்கு மட்டும் உணவில்லை. கரப்பான், வெள்ளிப்பூச்சி, எலி எல்லாம் தேடி வரும். வெள்ளிப்பூச்சி மாவை அரிக்கும்போது இழையையும் சேர்த்து அரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் காற்றே ஈரமாக இருக்கும், பீரோவில் மடித்து வைத்த கஞ்சித் துணியில் பூஞ்சணம் பூத்துக் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளி லேசில் போகாது.

ஆகவே அந்த வாரம் வெட்டப்போகும் துணிக்கு மட்டும் அந்த வாரம் கஞ்சி போடுங்கள். பெரிய போர்வை தைக்க மாதக்கணக்காகும் என்றால் பகுதி பகுதியாகப் போட்டு வெட்டுங்கள். வெட்டிய துண்டுகளை மூடியுள்ள டப்பாவில், நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் வையுங்கள். முடிந்தால் கஞ்சி வேலையை மாசி முதல் ஆவணி வரையிலான வெயில் மாதங்களில் முடித்துக்கொண்டு, மழையில் கைத்தையலை வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

காய்ச்சிய கஞ்சியும் நிற்காது. வெளியே வைத்தால் மறுநாளே புளிக்கும், ஃபிரிட்ஜில் இரண்டு நாள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், துணியில் அந்த வாடை தங்கிவிடும்.

குழந்தைக்குத் தைக்கும் விரிப்புக்குப் போடலாமா?

தாராளமாக, அரிசிக் கஞ்சி மட்டும். குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் முழுவதும் அலசிவிட வேண்டும்.

தைத்து முடித்தபின் கஞ்சியை எப்படி எடுப்பது? போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

முடித்த கையோடு எடுத்துவிடுங்கள், அப்படியே மடித்து வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் தண்ணீர் கலங்கி வழவழக்கும். அதைக் கொட்டிவிட்டுச் சோப்புத் தூள் போட்டுக் கையால் அமுக்கி அமுக்கித் துவையுங்கள். நல்ல தண்ணீரில் நுரை தீரும் வரை அலசுங்கள். அடிக்கும் கல்லில் போடாதீர்கள், தையல் விடும்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கடைசியாக அலசிய தண்ணீரைத் துணியிலிருந்து ஒரு பழைய கிண்ணத்தில் பிழிந்துகொள்ளுங்கள். மருந்துக் கடையில் காயத்துக்குப் போட விற்கும் பொவிடோன் அயோடின் மருந்தில் ஒரு சொட்டை அந்தத் தண்ணீரில் விடுங்கள். தண்ணீர் நீலமாகவோ கருநீலமாகவோ மாறினால் கஞ்சி இன்னும் இருக்கிறது. மருந்தின் இளம்பழுப்பு நிறமே நின்றால் கஞ்சி போய்விட்டது. மருந்தைத் துணியில் நேராக விடாதீர்கள், கறை பிடிக்கும். நீலம் வந்தால் இன்னொரு முறை வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள். பஞ்சு வைத்த போர்வையில் கஞ்சி பஞ்சுக்குள்ளும் போயிருக்கும் என்பதால் பெரும்பாலும் இரண்டாவது முறை தேவைப்படும். பிறகு இரண்டு கொடிகளின்மேல் பாரம் சமமாகப் பரவும்படி விரித்து, பின்பக்கம் வெயிலைப் பார்க்கப் போட்டு உலர்த்துங்கள்.